கோஷிஷ் (1972): முடிவுதான் படத்தைக் கெடுத்ததா?

வாசகர் கேள்வி: 4 ஆகஸ்ட் 2024

குல்ஜார் இயக்கிய ‘கோஷிஷ்’ படத்தை நேற்றுதான் முதன்முறையாகப் பார்த்தேன். காது கேளாத, வாய் பேசாத இருவருக்கு இடையே இவ்வளவு இயல்பான காதலை வேறு எந்த இந்திப் படத்திலும் நான் கண்டதில்லை. ஆனால் கடைசிப் பகுதியில், காது நன்றாகக் கேட்கும் மகன் ஒரு காது கேளாத பெண்ணை மணந்தே தீர வேண்டும் என்று தந்தை சினந்து நிற்பதும், மறுத்த மகன் பிறகு பணிந்து இசைவதும் எனக்குப் பெரும் ஏமாற்றமாக இருந்தன. ஒரு நல்ல படத்தை அதன் முடிவே கெடுத்துவிட்டது என்கிறேன். மறுப்பவர்கள் உண்டா?

4 ஆகஸ்ட் 2024, இரவு

பாதியை ஏற்கிறேன், பாதியை மறுக்கிறேன். இந்தப் படத்தைப் பற்றி நான் நடுநிலையாகப் பேச முடியாது என்பதையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். என் தாய், தந்தை இருவருக்குமே பிறவியிலிருந்து காது கேட்காது, எனக்குக் கேட்கும். மும்பை செம்பூரில் ஒற்றை அறை வீட்டில், சைகையிலேயே சண்டை போட்டு, சைகையிலேயே மாதக் கணக்குப் பார்த்து, சைகையிலேயே அண்டை வீட்டாரைக் கேலி செய்த இருவருக்குப் பிள்ளையாக வளர்ந்தவன் நான். ஆகவே இந்தப் படத்தில் அமித் என்ற மகன் நிற்கும் இடம் நான் நின்ற இடம்.

பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஹரிசரண் (சஞ்சீவ் குமார்), ஆர்த்தி (ஜெயா பாதுரி) இருவரும் காது கேளாதவர்கள், ஏழைகள். சந்திக்கிறார்கள், பழகுகிறார்கள், மணக்கிறார்கள். ஆர்த்தியின் தாயாகத் தீனா பாடக்கும், உருப்படாத உடன்பிறப்பான கானுவாக அஸ்ரானியும் நடித்திருக்கிறார்கள். பார்வையற்ற நாராயணன் (ஓம் சிவ்புரி) இவர்களின் நண்பராகிக் குடும்பத்தில் ஒருவராகவே ஆகிவிடுகிறார். முதல் குழந்தை இறக்கிறது. இரண்டாவதாகப் பிறக்கும் அமித்துக்குக் காது கேட்கிறது. அவன் படித்து ஆளானபின், ஹரிக்கு வேலை கொடுத்தவர் தம் மகளை அமித்துக்குக் கொடுக்க முன்வருகிறார். அவளுக்குக் காது கேளாது, பேச்சு வராது என்று தெரிந்ததும் அமித் மறுக்கிறான். ஹரி வெகுண்டெழுகிறார். உன் தாயும் அப்படிப்பட்டவள்தானே என்பதே அவருடைய வாதம்.

முடிவைப் பற்றி விரிவாகப் பிறகு எழுதுகிறேன். அதற்கு முன் முதல் பாதியைப் பேசியாக வேண்டும், ஏனெனில் முடிவு உறுத்துவதற்குக் காரணமே முதல் பாதி அவ்வளவு நன்றாக இருப்பதுதான்.

5 ஆகஸ்ட் 2024

இதற்கிடையில் ஒரு திருத்தம். ஒரு நண்பர் இந்தப் படத்துக்குச் சிறந்த படத்துக்கான தேசிய விருது கிடைத்தது என்று எழுதியிருக்கிறார். கிடைத்தவை சிறந்த நடிகர், சிறந்த திரைக்கதை ஆகிய இரண்டுக்கான விருதுகள். சஞ்சீவ் குமாருக்கு அது இரண்டாவது தேசிய விருது. முதல் விருது ‘தஸ்தக்’ படத்துக்கு. ஜெயாவுக்கு ஏன் இல்லை என்று கேட்பவர்களுக்கு: அந்த ஆண்டு சிறந்த நடிகை விருது மலையாளத்தில் ‘சுயம்வரம்’ படத்துக்காகச் சாரதாவுக்குப் போயிற்று. சாரதாவிடமிருந்து அதைப் பிடுங்கி ஜெயாவிடம் கொடுக்கும் துணிவு எனக்கு இல்லை.

7 ஆகஸ்ட் 2024

இந்தப் படத்தின் காதலைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் “மௌனத்தின் மொழி” என்பது போல எதையாவது எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். காது கேளாதோர் வீடு மௌனமாக இருக்கும் என்று நினைப்பவர்கள் அப்படி ஒரு வீட்டுக்குள் ஒரு நாளும் இருந்ததில்லை என்றே பொருள். பாத்திரம் விழும் ஓசை, கதவு அறையும் ஓசை, தரையை மிதித்து ஆளை அழைக்கும் ஓசை, தொண்டையிலிருந்து வரும் சிரிப்பு எல்லாமாகச் சேர்ந்து, அண்டை வீட்டார் வந்து முறையிடும் அளவுக்கு எங்கள் வீடு இரைச்சலாக இருக்கும். அந்த முறையீட்டைக் கேட்டுக் கொள்ளும் பொறுப்பும் எனக்குத்தான்.

குல்ஜாரின் படத்தில் என்னைக் கவர்வது அந்த இருவரின் கவனிப்பு. காது கேட்பவர்கள் கையால் காய் நறுக்கிக்கொண்டே வாயால் பேசலாம். என் அம்மா ஒரு சொல் சொல்ல வேண்டுமானால் அரிவாள்மனையை விட்டுக் கையை எடுத்தாக வேண்டும். அப்பா அதைக் கேட்க வேண்டுமானால் செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுத்து அம்மாவின் முகத்தைப் பார்த்தாக வேண்டும். ஆகவே பேசும் ஒவ்வொரு முறையும் இருவரும் ஒருவரை ஒருவர் முழுதாகப் பார்த்துக்கொள்கிறார்கள். சஞ்சீவ் குமாரும் ஜெயாவும் காட்டும் சைகைகளில் பல நடிகர்களின் கற்பனையாக இருக்கலாம், ஆனால் இந்தப் பார்வையைச் சரியாகப் பிடித்திருக்கிறார்கள். அவர் பேசும்போது இவர் கண் அலைவதில்லை. காதல் காட்சிக்கென்று தனியாக எதையும் செய்ய வேண்டிய தேவையே அவர்களுக்கு இல்லாமல் போகிறது.

சண்டை பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் தோற்கும் நிலை வந்தால் அம்மா கண்களை இறுக மூடிக்கொள்வார். அதன்பின் அப்பா என்ன சொன்னாலும் சேராது. அவர் தோளைத் தட்டுவார், அம்மா திறக்க மாட்டார். இப்படி ஒரு காட்சியைக் குல்ஜார் எழுதியிருந்தால் சஞ்சீவ் குமார் அதை என்ன பாடு படுத்தியிருப்பார் என்று நான் அடிக்கடி எண்ணிப் பார்ப்பதுண்டு.

நாராயணனும் ஹரியும் பேசிக்கொள்ள முயலும் இடங்கள் இன்னும் சிறப்பு. ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேட்காது, மற்றவர் காட்டுவது இவருக்குத் தெரியாது. எளிதாகக் கேலிக்கூத்தாகிவிடக்கூடிய இந்த அமைப்பில் சிரிப்பும் இருக்கிறது, ஆனால் அந்தச் சிரிப்பு அவர்களிடமிருந்தே வருகிறது. நாம் வெளியே நின்று அவர்களைப் பார்த்துச் சிரிப்பதாக இல்லை. தொட்டுத் தொட்டு ஒரு வழியைக் கண்டுபிடிக்கிறார்கள்.

8 ஆகஸ்ட் 2024

கிலுகிலுப்பைக் காட்சியைப் பற்றிப் பலர் கேட்டிருக்கிறீர்கள். இரண்டாவது குழந்தைக்குக் காது கேட்கிறதா என்று அறியக் கிலுகிலுப்பையை ஆட்டிப் பார்க்கிறார்கள். குழந்தை திரும்பவில்லை. பதறிப்போய் மருத்துவரிடம் ஓடுகிறார்கள். குழந்தைக்கு ஒரு குறையும் இல்லை, கிலுகிலுப்பைக்குள்தான் மணிகள் இல்லை என்று தெரிகிறது. ஓசை எழுகிறதா என்பதைக்கூட அறிய முடியாதவர்கள் ஓசையைக் கொண்டு சோதிக்கிறார்கள். அச்சமும் நகைச்சுவையும் ஒரே பொருளுக்குள் இருக்கும்படி எழுதப்பட்ட இந்தக் காட்சிக்காகவே அந்தத் திரைக்கதை விருது தகும்.

ஆனால் அந்த அச்சத்துக்கு அடிப்படை எவ்வளவு என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. காது கேளாமல் பிறக்கும் குழந்தைகளில் ஏறத்தாழ 10-க்கு 9 பேர் காது கேட்கும் பெற்றோருக்கே பிறக்கிறார்கள். காது கேளாத இருவர் மணந்துகொண்டால் பிறக்கும் பிள்ளைகளும் பெரும்பாலும் கேட்கும் பிள்ளைகளே. பிறவிச் செவிட்டுத்தன்மைக்கு நூற்றுக்கும் மேற்பட்ட மரபணுக்கள் காரணமாகலாம். தாய்க்கு ஒரு மரபணுவிலும் தந்தைக்கு வேறொன்றிலும் கோளாறு இருந்தால் பிள்ளைக்குப் பெரும்பாலும் காது கேட்கும். இருவருக்கும் ஒரே மரபணுவில், எடுத்துக்காட்டாகக் கனெக்சின் 26 என்ற புரதத்துக்குரிய மரபணுவில், கோளாறு இருந்தால் நிலைமை வேறு. காய்ச்சலால் கேட்கும் திறனை இழந்தவர்களுக்கு இந்தக் கணக்கே பொருந்தாது. 1972-இல் ஹரிக்கும் ஆர்த்திக்கும் இதையெல்லாம் சொல்ல யார் இருந்தார்கள்? என் பெற்றோருக்கும் யாரும் சொல்லவில்லை. நான் பிறந்த சில நாட்களில் என் பாட்டி ஒரு தாம்பாளத்தைத் தரையில் போட்டுச் சோதித்ததாகவும், நான் அலறியதைக் கண்டு மொத்தக் குடும்பமும் மகிழ்ச்சியில் அழுததாகவும் சொல்வார்கள். அழ வைத்துவிட்டு மகிழ்ந்த குடும்பம்.

முதல் குழந்தையின் சாவு இதற்கு நேர் எதிர். கானுவின் திருட்டுப் புத்தியால் அது நிகழ்கிறது. குழந்தை அழுவது பெற்றோருக்குக் கேட்பதில்லை. இந்தக் காட்சியை மிகையென்று ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு அதில் கானு மட்டுமே மிகை. இரவில் குழந்தை அழுதால் எப்படித் தெரியும் என்பது அப்படிப்பட்ட ஒவ்வொரு வீட்டிலும் உண்மையான கேள்வி. என் அம்மா தம் சேலைத் தலைப்பின் நுனியை என் காலில் கட்டிக்கொண்டுதான் தூங்குவாராம். நான் உதைத்தால் அவர் விழித்துவிடுவார். படம் பார்க்கும்போது, ஆர்த்திக்கு இதைச் சொல்லித்தர ஒரு மூத்தவள் இல்லாமல் போனாளே என்றுதான் அம்மா வருந்தினார். கானுவை அவர் பொருட்படுத்தவே இல்லை.

11 ஆகஸ்ட் 2024

இனி முடிவு. கேள்வி எழுப்பிய நண்பரின் கருத்து, மகனுடைய உரிமையைத் தந்தை பறிக்கிறார் என்பது. வேறு சிலர், அந்தக் காலத்தில் எந்த மகனுக்கு உரிமை இருந்தது, எல்லாத் திருமணமும் பெற்றோர் சொன்னதுதானே என்று பதில் சொல்லியிருக்கிறீர்கள். இரண்டு வாதங்களும் அமித் யார் என்பதை மறந்துவிடுகின்றன.

அமித் எப்படி வளர்ந்திருப்பான் என்று எண்ணிப் பாருங்கள். காது கேளாத பெற்றோரின் கேட்கும் பிள்ளை, பேசக் கற்ற நாளிலிருந்து அந்த வீட்டின் வாயும் செவியும் ஆகிறான். நான் பள்ளிக்கூடம் சேர்ந்து சிறிது காலத்திலேயே வங்கிக்கும், ரேஷன் கடைக்கும், மருத்துவமனைக்கும் பெற்றோருக்குப் பேசப் போனவன். ஒரு மருத்துவமனையில், அம்மாவுக்கு வந்திருப்பது என்ன நோய் என்பதை மருத்துவர் என்னிடம் சொல்லி, அதை அம்மாவிடம் சொல்லும் பொறுப்பையும் என் தலையில் வைத்தார். என் வயதுக்கு மீறிய சொற்கள் அவை. சிலவற்றை விட்டுவிட்டுச் சொன்னேன். அப்பாவைப் பற்றிக் கடைக்காரர் சொல்லும் இழிசொற்களையும் நான் மொழிபெயர்த்ததில்லை. அப்பா என் முகத்தைப் பார்த்தே என்ன சொல்லப்பட்டது என்று தெரிந்துகொள்வார், ஆனால் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டார்.

அமித்தும் இப்படித்தான் இருந்திருக்க வேண்டும். ஆகவே ஒரு காது கேளாத பெண்ணை அவன் மறுத்தால், அந்த வாழ்க்கையை அறியாதவன் மறுக்கும் மறுப்பாக அது இருக்க முடியாது. அதை அறிந்தவன், அதில் களைத்தவன், இன்னொரு ஐம்பது ஆண்டுகளுக்கு இன்னொருவருக்காகப் பேசிக்கொண்டே இருக்க வேண்டுமா என்று அஞ்சுகிறவன் மறுக்கும் மறுப்பாகவே அது இருக்க முடியும். குல்ஜார் இதை எழுதவில்லை. திடீரென்று அமித் ஓர் அயலானாக, ஊனத்தைக் கண்டு முகஞ்சுளிக்கும் படித்த இளைஞனாக மாறிவிடுகிறான். பெற்றோரை அணு அணுவாகக் கவனித்த படம் பிள்ளையைக் கவனிக்க மறந்துவிட்டது என்பதே என் குறை. தந்தையின் பிடிவாதம் எனக்கு அடுத்த குறைதான்.

11 ஆகஸ்ட் 2024, சற்று நேரம் கழித்து

“அப்படியானால் உங்களைப் போன்றவர்கள் காது கேளாதவர்களை மணக்கவே கூடாதா?” என்று கோபமாக ஒருவர் கேட்டிருக்கிறார். நான் அப்படிச் சொல்லவில்லை. மறுப்புக்கு உண்மையான காரணங்கள் இருக்க முடியும் என்றேன். இசைவுக்கும் அப்படியே. தமிழ்நாடு உட்படச் சில மாநில அரசுகள், மாற்றுத்திறனாளியை மணக்கும் மாற்றுத்திறனாளி அல்லாதவருக்கு உதவித்தொகை தருகின்றன. அமித் அங்கே பிறந்திருந்தால் ஹரி சினக்கத் தேவையிருந்திருக்காது, விண்ணப்பப் படிவத்தை எடுத்து நீட்டியிருப்பார்.

15 ஆகஸ்ட் 2024

இந்த முடிவு எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு. ‘கோஷிஷ்’ படத்துக்குத் தூண்டுதலாக அமைந்தது ஜென்சோ மட்சுயாமா 1961-இல் இயக்கிய ஒரு ஜப்பானியப் படம். ஹிடேகோ தகாமினேயும் கெய்ஜு கோபயாஷியும் காது கேளாத தம்பதியாக நடித்தது. போருக்குப் பிந்தைய ஜப்பானின் வறுமையில் நடக்கும் கதை. மனைவி வாழ்க்கையை வெறுத்து ஓடி ரயிலில் ஏற, அடுத்த பெட்டியிலிருந்து கணவன் கண்ணாடிக்கு அப்பால் நின்று சைகையில் மன்றாடும் காட்சி அதில் உண்டு. குரல் உள்ளவர்களுக்கு அந்தக் கண்ணாடி பேச்சை அடைத்துவிடும், இவர்களுக்கு அடைக்கவில்லை. இந்திப் படத்தைவிட நான் ஒரு படி மேலாக மதிக்கும் இடம் அது ஒன்றுதான்.

அந்தப் படத்தில் மகன் சிறுவனாகவே இருக்கிறான். பெற்றோரை எண்ணி வெட்கப்படுகிறான், மெல்ல மாறுகிறான். தாய் சாலை விபத்தில் இறக்கிறாள். மகனின் திருமணம் என்ற பேச்சே அங்கு எழவில்லை. ஆகவே நாம் வாதாடிக்கொண்டிருக்கும் முடிவு குல்ஜாருடையது. பிறர் கதையை எடுத்துக்கொண்டவர் தம்முடையதாகச் சேர்த்த ஒன்றுதான் இவ்வளவு பேரைச் சினக்க வைக்கிறது என்றால், அதை அவர் ஏன் சேர்த்தார் என்றும் கேட்க வேண்டும். ஜப்பானியப் படத்தில் மகன் வெட்கப்படுவது சிறுபிள்ளைத்தனம், வளர்ந்தால் தீர்ந்துவிடும். வளர்ந்தபின்னும் அது உள்ளே இருந்தால் எப்போது வெளிப்படும்? திருமணத்தில்தான் வெளிப்படும் என்று அவர் கணக்குப் போட்டிருக்கிறார். நம் நாட்டைப் பொறுத்தவரை அந்தக் கணக்கு சரி.

தமிழில் 1977-இல் டி. என். பாலு இயக்கத்தில் கமல்ஹாசனும் சுஜாதாவும் நடித்த ‘உயர்ந்தவர்கள்’ இதன் மறுஆக்கம். அதைப் பற்றித் தனியாக யாராவது எழுதினால் படிக்க ஆவலாக இருக்கிறேன்.

19 ஆகஸ்ட் 2024

நேற்று ஞாயிற்றுக்கிழமை. பெற்றோருடன் மீண்டும் பார்த்தேன். 1987-இல் தூர்தர்ஷன் காது கேளாதோருக்கான வாராந்திரச் செய்தியைத் தொடங்கிய நாளிலிருந்து ஞாயிற்றுக்கிழமை என்றால் எங்கள் வீட்டில் தொலைக்காட்சிக்கு முன் இருக்கை பிடிக்கும் போட்டி உண்டு. இப்போது போட்டி இல்லை, ஆனால் என் வேலை மாறவில்லை. ஹரியும் ஆர்த்தியும் பேசும்போது நான் சும்மா இருப்பேன். நாராயணனோ மற்றவர்களோ வாய் திறந்தால் அதை நான் சைகையில் சொல்ல வேண்டும். காது கேளாதோரைப் பற்றிய படத்தில் காது கேளாதவர்களுக்குப் புரியாமல் போகும் பகுதிகள், காது கேட்பவர்கள் பேசும் பகுதிகளே.

அமித் மறுக்கும் இடம் வந்தது. ஒரு காது கேளாத பெண்ணை வேண்டாம் என்று ஒரு மகன் சொல்வதை, ஒரு மகன் தன் காது கேளாத பெற்றோருக்குச் சைகையில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். என் கை தயங்கியதை அப்பா கண்டுகொண்டார். தெரிகிறது, விடு என்று காட்டினார்.

படம் முடிந்தபின் அம்மா சொன்னது என் எண்ணத்தைக் கொஞ்சம் மாற்றிவிட்டது. அவன் வேண்டாம் என்றதில் தப்பில்லை, அந்த முகம்தான் தப்பு என்றார். எனக்கு முதலில் பிடிபடவில்லை. அம்மா அமித்தின் முகத்தைத் தம் முகத்தில் போட்டுக் காட்டினார். உதட்டோரம் கீழே இழுபட்டு, மூக்கு சிறிது சுருங்கி, கண் ஒரு கணம் விலகிப் போகும் முகம். வாய்ச்சொல்லைக் கேட்பவர்கள் சொல்லை நம்புவார்கள். இவர்கள் முகத்தையே கேட்கிறவர்கள். சைகை மொழியில் கேள்வியா மறுப்பா என்பதைப் புருவமும் வாயும்தான் தீர்மானிக்கின்றன. ஹரிக்கு அன்று தெரிந்தது மகனின் மறுப்பு மட்டுமாக இருந்திருக்காது. தம்மையும் தம் மனைவியையும் இத்தனை ஆண்டுகளாக மகன் உள்ளூர எப்படிப் பார்த்துவந்தான் என்பதும் அந்த ஒரு கணத்தில் தெரிந்திருக்கும்.

ஆகவே நான் 11-ஆம் தேதி எழுதியதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஹரியின் சினம் நியாயமானது. அந்தச் சினத்துக்கு ஈடாக ஒரு திருமணத்தைக் கேட்டதுதான் பொருந்தவில்லை. மகனின் முகம் திருந்த வேண்டியதற்கு ஒரு பெண்ணின் வாழ்க்கை ஏன் பயன்பட வேண்டும்?

அப்பாவிடமும் கேட்டேன், நீங்கள் ஹரியாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று. சிரித்தார். என் திருமணப் பேச்சு எழுந்தபோது அவர் விதித்த ஒரே நிபந்தனை, மருமகளுக்குக் காது கேட்க வேண்டும் என்பது. தொலைபேசி அடித்தால் எடுக்கவும், கதவு தட்டப்பட்டால் திறக்கவும், பேரக்குழந்தை இரவில் அழுதால் விழிக்கவும் வீட்டில் ஓர் ஆள் வேண்டும். மகனையே எத்தனை நாள் தொந்தரவு செய்வது என்றார். சாதியைப் பற்றிக்கூட அவர் இவ்வளவு விசாரிக்கவில்லை. ஹரியின் இலட்சியத்தைவிட என் அப்பாவின் நடைமுறை எனக்கு வசதியாக இருந்தது என்பதையும், அந்த வசதி எனக்குச் சிறிது கூச்சத்தைத் தந்தது என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

23 ஆகஸ்ட் 2024

‘காமோஷி’யைப் பற்றிக் கேட்ட நண்பருக்கு: 1996-இல் சஞ்சய் லீலா பன்சாலி இயக்கிய முதல் படம், கோவாவில் நடப்பது, நானா படேகரும் சீமா பிஸ்வாஸும் காது கேளாத பெற்றோர், மனிஷா கொய்ராலா கேட்கும் மகள். ‘கோஷிஷ்’ விட்டுவிட்ட பிள்ளையை இந்தப் படம் நடுவில் கொண்டுவந்து நிறுத்துகிறது. பெற்றோருக்காகப் பேசிப் பேசிக் களைத்த குழந்தை அதில் இருக்கிறது. ஆனால் அவள் பாடகியாக வேண்டும், பெற்றோரால் கேட்கவே முடியாத ஒன்றில்தான் சிறக்க வேண்டும் என்ற அமைப்பு எனக்குச் செயற்கையாகத் தோன்றும். நாங்கள் எல்லாரும் பாடகர்கள் ஆகிவிடுவதில்லை. நான் காப்பீட்டு அலுவலகத்தில் கணக்கெழுதுகிறேன். அதுவும் என் பெற்றோருக்குக் கேட்பதில்லை.

‘பர்ஃபி’ (2012) எனக்கு நெருக்கமாகவில்லை. ரன்பீர் கபூர் உடலால் அழகாகப் பேசுகிறார், ஆனால் அது ஊமைப்பட நகைச்சுவையின் மொழி. ஒரு காது கேளாதவர் இன்னொரு காது கேளாதவரிடம் பேசும் மொழி படத்தில் இல்லை. பிரியங்கா சோப்ரா நடித்த ஜில்மிலின் மனஇறுக்கம் (ஆட்டிசம்) பற்றி என்னைவிட நன்கு அறிந்தவர்கள் எழுதட்டும்.

1972-இல் சைகை மொழியைப் பயன்படுத்தியிருக்கலாமே என்ற கேள்வி எளிதாகக் கேட்கப்படுகிறது. இந்தியச் சைகை மொழியை ஒரு மொழியாக ஆராயும் பணி அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில்தான் சூடுபிடித்தது. அரசின் இந்தியச் சைகை மொழி ஆய்வு மற்றும் பயிற்சி மையம் 2015-இல் தில்லியில் அமைந்தது. அது 2018-இல் 3,000 சொற்களோடு வெளியிட்ட அகராதி 2021-இல் 10,000 ஆக விரிந்தது. 1972-இல் பல பள்ளிகளில் கையை அசைத்தாலே அடி விழும். என் அப்பா வாயசைவைப் படிக்கப் பழக்கப்பட்டவர், சைகையை விடுதியில் பிற பிள்ளைகளிடம் திருட்டுத்தனமாகக் கற்றவர். இந்தப் பின்னணியில் ஒரு வணிகப் படத்தின் நாயகனும் நாயகியும் படம் முழுக்கக் கையால் பேசியது சிறிய செயல் இல்லை.

25 ஆகஸ்ட் 2024

இன்று இப்படி ஒரு படம் எடுத்தால் நீதிமன்றத்துக்கு இழுப்பார்கள் என்று ஒருவர் அலுத்துக்கொண்டிருக்கிறார். சென்ற ஜூலை 8-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் மாற்றுத்திறனாளிகளைத் திரைப்படத்தில் இழிவாகக் காட்டுவதை எதிர்த்து நிபுண் மல்ஹோத்ரா தொடுத்த வழக்கில் வழங்கிய தீர்ப்பை மனத்தில் வைத்துச் சொல்கிறார் என்று நினைக்கிறேன். அந்தத் தீர்ப்பு மாற்றுத்திறனாளிகளைக் காட்டாதே என்று சொல்லவில்லை. அவர்களை இழிவுபடுத்தும் நகைச்சுவைக்கும், அவர்களைப் புரியவைக்கும் நகைச்சுவைக்கும் வேறுபாடு உண்டு என்றும், அவர்களைக் கலந்தாலோசித்து எழுதுவதே முறை என்றும் சொல்கிறது. கிலுகிலுப்பைக் காட்சி எந்த வகை என்பதைச் சொல்ல வழக்கறிஞர் தேவையில்லை.

1 செப்டம்பர் 2024

இவ்வளவு நேரம் ஹரியையும் அமித்தையும் பேசிவிட்டு, அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லையே என்று ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். அவருக்கும் காது கேளாதாம். தங்கை படித்துச் சைகையில் சொல்லித்தான் இந்த இழையைத் தொடர்கிறாராம். அவர் எழுதியதன் சாரம்: முதலாளியின் மகள் அவள், பணம் உண்டு, ஒருவேளை நல்ல பள்ளியில் படித்தவளாகவும் இருக்கலாம். மூன்று ஆண்கள் அவளுடைய திருமணத்தைத் தீர்மானிக்கிறார்கள். தன்னை முதலில் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, தந்தை சினந்ததால் ஒப்புக்கொண்ட ஒருவனோடு வாழ அவளுக்கு விருப்பமா என்று யாரும் கேட்கவில்லை. தன்னைப் போலவே காது கேளாத ஒருவனை அவள் விரும்பியிருக்கக் கூடாதா?

இதற்கு எதிராகச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. இதே படத்தின் முதல் பாதியிலேயே அவருடைய கேள்விக்கு வலுவான சான்று இருக்கிறது. ஆர்த்தி ஹரியைத் தானே தேர்ந்தெடுத்தாள்; பார்த்து, பழகி, சினந்து, சிரித்து, அவனுடைய உழைப்பை அறிந்து தேர்ந்தெடுத்தாள். 2011 கணக்கெடுப்பின்படி நாட்டில் கேட்கும் திறன் குறைந்தவர்கள் ஏறத்தாழ 50.7 லட்சம் பேர். என் பெற்றோரின் நண்பர்களில் பலர் சங்கக் கூட்டங்களிலும் பழைய பள்ளி நட்பிலும் துணையைக் கண்டுகொண்டவர்கள். காது கேட்கும் மாப்பிள்ளை கிடைத்தால் அது ஒரு பேறு என்று அவர்களில் யாரும் பேசி நான் கண்டதில்லை. காது கேளாத இருவரின் இல்லறம் எவ்வளவு நிறைவானது என்று முழுப் படத்திலும் காட்டிய ஒருவர், அடுத்த தலைமுறைக் காது கேளாத பெண்ணுக்கு அந்த நிறைவைக் கொடுக்காமல், கேட்கும் ஆணின் பெருந்தன்மையைக் கொடுக்கிறார். கேள்வி எழுப்பிய நண்பர் மகனுக்காக வருந்தியதைவிட இதற்காக வருந்தியிருக்கலாம்.

3 செப்டம்பர் 2024

அந்தச் சகோதரி படத்தை வசன எழுத்தோடு எங்கே பார்க்கலாம் என்று கேட்டிருக்கிறார். இணையத்தில் உள்ள பிரதிகளில் ஆங்கில எழுத்து மட்டுமே கிடைக்கிறது, அதுவும் எல்லாவற்றிலும் இல்லை. திரையரங்குகளில் காது கேளாதோருக்கும் பார்வையற்றோருக்கும் வசதி செய்து தர வேண்டும் என்று ஒன்றிய அரசு சென்ற மார்ச்சில் வெளியிட்ட வழிகாட்டுதல் புதிய படங்களுக்கானது. 1972-இல் வந்த படத்துக்கு அதனால் பயனில்லை. நாராயணன் பேசும் வசனங்களையும் கடைசிப் பகுதி முழுவதையும் நான் தமிழில் எழுதித் தருகிறேன். இந்த மாதக் கடைசியில் அலுவலகக் கணக்கு முடியும்வரை பொறுத்துக்கொள்ள வேண்டும்.